சாப்பாடு இறங்கவில்லை

மலேசியாவின் சிலாங்கூரில், ரவாங்கைத் தாண்டிச் செரண்டாவை நோக்கிப் போகும் பழைய சாலையில் இருக்கிறது சுங்கை சோ. 1993இல் தொடங்கப்பட்ட பெரோடுவா நிறுவனத்தின் கார் ஆலை இங்கே வந்தபிறகுதான் ஊரின் பெயர் வெளியே பரவியது. அதற்கு முன் இது பால்மரக் காட்டின் ஊர். தோட்டங்கள் போய்த் தாமான் என்னும் குடியிருப்புகள் வந்துவிட்டன. தமிழ்ப்பள்ளி இருக்கிறது, கோயில் இருக்கிறது, தோட்டத்தில் பிறந்து பால் வெட்டி வளர்ந்த ஒரு தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தத் தலைமுறைக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. மருத்துவமனை அதிகம் தேவைப்படும் வயது அது.

இந்த வட்டாரத்தில் வயிற்றில் எது வந்தாலும் அதற்குப் பெயர் ஒன்றுதான்: கேஸ்ட்ரிக். நெஞ்சு கரித்தால் கேஸ்ட்ரிக், மேல்வயிறு வலித்தால் கேஸ்ட்ரிக், ஏப்பம் வந்தாலும் வாந்தி வந்தாலும் கேஸ்ட்ரிக். வயிறு குடல் நிபுணரைப் பார்க்க அரசு மருத்துவமனையில் ஏன் இவ்வளவு நாள் ஆகிறது என்று கேட்கும்போது நாம் மருத்துவர் பற்றாக்குறையைப் பேசுகிறோம், கூட்டத்தைப் பேசுகிறோம். இரண்டும் உண்மைதான். ஆனால் வரிசையில் ஒருவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை அவர் சொல்லும் சொல்லும், அந்தச் சொல்லைக் கேட்டு இன்னொருவர் எழுதும் சொல்லும் முடிவு செய்கின்றன. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஓர் அம்மாவை நினைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட எவரும் அல்லர். ஆனால் செரண்டாவிலோ பத்தாங் காலியிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ இவரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்காது. வயது 58. தோட்டம் மூடியபிறகு ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. ஆறு மாதமாக நெஞ்சு கரிக்கிறது. முதலில் மளிகைக் கடையில் வாங்கிய மாத்திரையைச் சப்பினார். பிறகு சீரகத் தண்ணீர், மோர், கோயில் திருவிழா வரைக்கும் காரம் விலக்கிய சாப்பாடு. ஒருநாள் மகள் பிடிவாதமாகச் சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறாள். பதிவுக்கு 1 வெள்ளி. காத்திருந்து உள்ளே போனதும் பேச்சு இப்படி நடக்கிறது.

“என்னம்மா செய்து?”

“நெஞ்சு கரிக்குது சார். சாப்பாடு இறங்கமாட்டேங்குது.”

“கேஸ்ட்ரிக்தான். மருந்து எழுதித் தரேன். காரத்தைக் குறைச்சுக்குங்க.”

தமிழ் தெரிந்த மருத்துவ உதவியாளர் கிடைத்தால்தான் இந்தப் பேச்சு. கிடைக்காதபோது அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் சொல்வார், அல்லது மகள் மாற்றிச் சொல்வாள். “சாப்பாடு இறங்கவில்லை” என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள். மனம் நொந்திருப்பவருக்கும் சாப்பாடு இறங்காது. பசியில்லை, பிடிக்கவில்லை என்பது அதன் பொருள். சோறு உண்மையாகவே தொண்டைக்குக் கீழே ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது என்பது இன்னொரு பொருள். மலாயில் முதலாவது ‘தாக் செலேரா மாக்கான்’. இரண்டாவது ‘சூசா தெலான்’. மகள் சட்டென்று முதலாவதைச் சொல்லிவிடுகிறாள். அட்டையில் பசியின்மை என்று பதிகிறது.

மருத்துவக் கணக்கில் இந்த இரண்டுக்கும் நடுவே மாதங்கள் இருக்கின்றன. பசியின்மையும் நெஞ்சுக் கரிப்பும் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டிய நோய். விழுங்க முடியாமை, அதுவும் திட உணவில் தொடங்கி நாளுக்கு நாள் கூடினால், உணவுக்குழாயில் கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டிய நோய். கனடாவின் வயிறு குடல் மருத்துவர் சங்கம், எந்த நோயாளி எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்று 2006இல் ஒரு பொது முடிவை வெளியிட்டது. காத்திருப்பை அவர்கள் நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள்: 24 மணி நேரம், 2 வாரம், 2 மாதம், 6 மாதம். ரத்த வாந்தியும் உணவு அடைத்துக்கொள்வதும் 24 மணி நேரத்துக்குள். கடுமையாகவோ வேகமாகவோ கூடும் விழுங்க முடியாமை, வலியில்லாமல் வரும் மஞ்சள் காமாலை, புற்றுநோய் என்று வலுவாகச் சந்தேகிக்கும் நிலை ஆகியவை 2 வாரத்துக்குள். இரும்புச் சத்துக் குறைவால் வந்த ரத்தச் சோகை 2 மாதத்துக்குள். அறிகுறி எதுவும் இல்லாமல் முன்னெச்சரிக்கையாகச் செய்யும் பெருங்குடல் சோதனை 6 மாதத்துக்குள். அந்த அம்மாவின் வாயிலிருந்து வந்த சொற்றொடர் ஒன்றுதான். அதை எப்படி மொழிபெயர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அவர் இரண்டு வாரத்து வரிசைக்கும் போகலாம், நிபுணரை நோக்கிய வரிசை எதிலும் சேராமல் மருந்துப் பாட்டிலோடு வீட்டுக்கும் போகலாம்.

அந்தப் பாட்டிலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு கரைத்தது போல் வெள்ளையாக, புதினா வாசத்தோடு, குலுக்கிக் குடிக்கும் மருந்து. எம்.எம்.டி. என்று கிளினிக்கில் சொல்வார்கள். மக்னீசியம் டிரைசிலிகேட் கலவை. அமிலத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். அடுத்த படி ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகள். இவை அமிலம் சுரப்பதையே அடக்கும், நல்ல மருந்துகள்தான். ஆனால் வயிற்றின் ஆரம்பப் புற்றுப் புண்ணையும் இவை தற்காலிகமாக ஆற்றிக் காட்டக்கூடும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. வலி குறைந்துவிட்டால் யார் மறுபடி கிளினிக்குக்குப் போவார்கள்? நிவாரணம் கிடைத்த மாதங்களும் காத்திருப்புதான். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது.

பதிவேட்டில் ஏறுவது எது? நிபுணர் கிளினிக்கில் வந்து உட்கார்ந்த நோயாளி 90 நிமிடத்துக்குள் மருத்துவரைப் பார்த்தாரா என்பதை நம் சுகாதார அமைச்சு தன் அளவுகோல்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. வேண்டிய அளவுகோல்தான், காலை ஏழு மணிக்கு வந்து நம்பர் எடுத்து நண்பகல் வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்த நாற்காலிக்கு வந்து சேர எத்தனை வாரம் ஆயிற்று என்பது வேறு கணக்கு. இங்கிலாந்தில் கடிகாரம் பரிந்துரைக் கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. காத்திருக்கும் 100 பேரில் 92 பேர் 18 வாரத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கே விதி. 2016க்குப் பிறகு அந்த விதியை அவர்களால் எட்ட முடியவில்லை. எட்டவில்லை என்று மாதாமாதம் நாட்டுக்கே தெரிகிறது, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுகிறது. அளந்து வெளியிடுவதால் வரும் பயன் அது. கடிதத்துக்கு முந்தைய காத்திருப்பையோ இங்கிலாந்தின் கடிகாரமும் கணக்கில் எடுப்பதில்லை.

கடிதத்துக்கு முந்தைய காத்திருப்பு நம் தோட்டங்களில் ஒரு வரலாறாகவே வளர்ந்தது. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்ட முதலாளிகள் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்றது. மலேரியா கொன்று குவித்த காலம் அது. பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி வந்தது. மருத்துவர் எப்போதாவது வருவார். அன்றாடம் பார்த்தவர் மருத்துவ உதவியாளரான டிரசர்தான். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது. அந்த அளவுக்கு அவர்கள் அமைப்பின் தூணாக இருந்தார்கள். டிரசரின் கையில் இருந்தவை சில மருந்துகள், சில அளவுகோல்கள். காய்ச்சலுக்கு ஒன்று, காயத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. நிறைய உயிர்களை அவர்கள் காப்பாற்றினார்கள். கூடவே ஒரு பழக்கத்தையும் விட்டுப்போனார்கள்: வயிறு என்றால் வெள்ளை மருந்து, முகம் வெளுத்திருந்தால் இரும்பு மாத்திரை.

இரும்பு மாத்திரையின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. வெறுங்காலோடு நடந்த தோட்டங்களில் கொக்கிப்புழு பரவலாக இருந்தது. பெண்களுக்கு அடுத்தடுத்துப் பிரசவம், சத்துக் குறைந்த சாப்பாடு. ஆகவே தோட்டத்துப் பெண் என்றால் “ரத்தம் கம்மி”யாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள், அந்தப் பெண்கள் உட்பட. அன்று அது சரியான ஊகம். இன்று 58 வயதில், மாதவிலக்கு நின்று பல ஆண்டு ஆன ஒருவருக்கு ரத்தம் குறைந்தால், அது எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். வயிற்றிலோ பெருங்குடலிலோ கசியலாம். இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் இன்னொரு கேடும் சேர்கிறது: அந்த மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். உள்ளே ரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகும். “மாத்திரையால்தான் கறுப்பு” என்று நினைத்து ஒரு முக்கியமான அறிகுறியைக் குடும்பமே கண்ணால் பார்த்தும் தவறவிடுகிறது.

கோலசிலாங்கூர்ப் பக்கம் தென்னமரம் என்று ஒரு தோட்டம் உண்டு. 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோன்னியே இந்த நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைப் போட்ட இடம். பெயர் நம்முடைய தென்னை மரம். அங்கிருந்து பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெயரில் பெஸ்தாரி ஜெயா, வழியாக உலு சிலாங்கூர் வரை தோட்டங்கள் தொடர்ச்சியாகக் கிடந்தன. அவற்றில் மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காக இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்ததை இந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிவார்கள். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், காத்திருப்பதை ஒரு குணமாகவே பழகிக்கொண்ட மக்கள் இவர்கள். “தேதி தள்ளிப் போட்டுட்டாங்க” என்றால் திரும்பிக் கேட்பதில்லை. நோயைப் பொறுத்தவரை இந்தப் பொறுமை ஆபத்தானது.

தமிழர் வயிற்றுக்கு என்று தனியாக ஏதாவது உண்டா? மலேசியாவில் இதற்குப் பதில் சொல்லும் ஆய்வுகள் உண்டு. மூன்று இனங்கள் ஒரே நாட்டில், ஒரே மருத்துவமனையில், ஒரே கருவியால் சோதிக்கப்படுவதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி அதிகம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோ கியான் லீ இந்தத் துறையில் பல பத்தாண்டு உழைத்தவர். அவரும் நுண்ணுயிரியலாளர் என். பராசக்தியும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, வயிற்றில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவைப் பற்றியது. வயிற்றுப் புண்ணுக்குக் கிருமி காரணம் என்று காட்ட பாரி மார்ஷல் 1984இல் தானே அதைக் கரைத்துக் குடித்தார்; 2005இல் நோபல் பரிசு பெற்றார். அந்தக் கிருமிதான். மலேசியாவில் அது மலாய்க்காரர்களிடம் குறைவு, இந்தியர்களிடம் மிக அதிகம். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குள்ளேயே அது கைமாறி வருகிறது என்பது அவர்களின் விளக்கம். ஆனால் கிருமி இவ்வளவு இருந்தும் இந்தியர்களுக்கு வயிற்றுப் புற்றுநோய் சீனர்களைவிடக் குறைவு. ஆய்வாளர்கள் இதை இந்தியப் புதிர் என்றே குறிப்பிடுகிறார்கள்.

புதிர் நமக்கு ஆறுதல் தருவதாகத் தோன்றும். அடுத்த ஆய்வு அந்த ஆறுதலைக் குறைக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் வயிற்று உபாதையோடு வந்த ஆயிரம் பேரை உள்நோக்கிக் கருவியால் பார்த்து 2004இல் வெளியான ஆய்வில், அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும் நோய்க்கு இந்திய இனத்தவராக இருப்பதே ஓர் அபாயக் காரணியாகத் தெரிந்தது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் உணவுக்குழாய்ப் புற்று இந்தியர்களிடம்தான் மற்ற இரு இனங்களைவிட அதிகம். வெற்றிலை பாக்கு, புகை, மலிவுச் சாராயம் ஆகியவை இதற்குச் சேர்த்துச் சொல்லப்படும் காரணங்கள். அப்படியானால் ‘நெஞ்சு கரிக்குது, சாப்பாடு இறங்கல’ என்று ஒரு தமிழ் அம்மா சொல்லும்போது, அந்தச் சொல்லை மற்ற எவரையும்விடக் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டியிருக்கிறது.

இளைஞர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பேராக்கில், கிந்தா பள்ளத்தாக்கில் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பெருங்குடலும் சிறுகுடலும் நாள்பட அழன்று புண்ணாகும் நோய்கள் எந்த இனத்தவருக்கு அதிகம் வருகின்றன என்று பார்த்ததில் இந்தியர்கள் முதலிடத்தில் இருந்தார்கள். இந்த நோய் இருபதுகளிலும் முப்பதுகளிலும் தொடங்கும். ரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்கு வரும். நம் வீடுகளில் அதற்குப் பெயர் மூலம். வெட்கத்தால் அம்மாவிடம்கூடச் சொல்லமாட்டார்கள். கருணைக்கிழங்கு சாப்பிடு, சூட்டைக் குறை என்று வைத்தியம் நடக்கும். ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பையன் ஒரு நாளைக்குப் பத்துமுறை கழிவறைக்குப் போவதை மறைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டிவிடுகிறான். அதற்குள் எடை குறைந்து, குடல் சுருங்கி, மருந்தால் அடக்கியிருக்கக்கூடிய நோய் கத்திக்குப் போகிறது. எந்தக் காத்திருப்போர் பட்டியலிலும் அவன் பெயர் ஒருநாளும் ஏறியிருக்காது.

சரி, கடிதம் கிடைத்துவிட்டது என்று வைப்போம். அது எங்கே போகிறது? உலு சிலாங்கூருக்கு கோல குபு பாருவில் ஒரு மாவட்ட மருத்துவமனை. கோலசிலாங்கூர் மாவட்டத்துக்குத் தஞ்சோங் காராங்கில் ஒன்று. இரண்டும் பெரும்பாலும் பொது மருத்துவ அதிகாரிகளைக் கொண்டு நடப்பவை. வயிறு குடல் சிறப்புப் பிரிவு வேண்டுமென்றால் தெற்கே வர வேண்டும்: 1999இல் திறந்த செலாயாங், 2006இல் திறந்த சுங்கை பூலோ, அல்லது கிள்ளான், கோலாலம்பூர். செலாயாங் காகிதமில்லாத முதல் மருத்துவமனை என்று பெயர் பெற்றது, கல்லீரல் சிகிச்சையில் நாட்டின் முக்கிய மையம். அதனாலேயே நாடு முழுவதிலிருந்தும் சிக்கலான நோயாளிகள் அங்கே வருகிறார்கள். ரவாங்கின் நெஞ்சுக் கரிப்பும் கிளந்தானின் கல்லீரல் கட்டியும் ஒரே துறையின் கைகளுக்குத்தான் வந்து சேர்கின்றன.

நிபுணர்கள் ஏன் குறைவு என்பதை ஆண்டுக் கணக்கில் பார்த்தால் விளங்கும். மருத்துவப் படிப்பு 5 ஆண்டு, ஹவுஸ்மன் பயிற்சி 2 ஆண்டு, கட்டாய அரசுப் பணி, பொது மருத்துவத்தில் சிறப்புத் தகுதி, அதற்கு மேல் வயிறு குடல் துறையில் 3 ஆண்டு தனிப் பயிற்சி. பதினெட்டு வயதில் நுழைந்தவர் நிபுணராக வெளியே வரும்போது முப்பத்தைந்தை நெருங்கியிருப்பார். 2016 இறுதியில் வந்த ஒப்பந்த முறை இந்த ஏணியின் நடுப்படிகளையே ஆட்டிவிட்டது. நிரந்தர வேலையும் மேற்படிப்பு வாய்ப்பும் உறுதியில்லாத இளம் மருத்துவர்கள் 2021 ஜூலை 26 அன்று கறுப்பு உடையில் பணியிடத்தை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அன்று ஏணியை விட்டு இறங்கியவர்களின் இடம் பத்து ஆண்டு கழித்து நிபுணர் கிளினிக்கில் காலியாக இருக்கும்.

மருத்துவர் இருந்தாலும் போதாது. உள்நோக்கிக் கருவியான ஸ்கோப்புக்கு ஓர் அறை வேண்டும், பயிற்சி பெற்ற தாதியர் வேண்டும், கருவிகள் வேண்டும். ஒரு ஸ்கோப்பை ஒருவருக்குப் பயன்படுத்தியபிறகு கையால் கழுவி, குழாய்களைத் துலக்கி, கிருமிநாசினி இயந்திரத்தில் வைத்து எடுத்து உலர்த்தித்தான் அடுத்தவருக்குப் பயன்படுத்த முடியும். ஆகவே ஒரு நாளில் எத்தனை பேருக்குப் பார்க்க முடியும் என்பதைப் பல இடங்களில் கழுவும் அறைதான் தீர்மானிக்கிறது. 2020 ஜனவரியில் நாட்டின் முதல் கோவிட் நோயாளிகள் சுங்கை பூலோவுக்கு வந்தார்கள். மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு. பிறகு அந்த மருத்துவமனையே கோவிட் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டது. வாய்வழி ஸ்கோப் நுண்துளிகளைக் கிளப்பும் என்பதால் அவசரமில்லாதவை உலகெங்கும் ஒத்திவைக்கப்பட்டன. வடக்குச் சிலாங்கூருக்கு அந்த இழப்பு இரட்டிப்பானது: ஒத்திவைத்த மருத்துவமனையே அவர்களின் பெரிய ஆஸ்பத்திரி.

காத்திருப்பு எல்லாருக்கும் ஒரே அளவில் கேடு செய்கிறதா? செய்வதில்லை, இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில் ரத்தம் இருப்பதாக வந்த 70,124 பேரை அமெரிக்காவில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. ஒரு மாதத்துக்குள் பெருங்குடல் ஸ்கோப் செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டால், சில மாதம் பிந்தியவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் குறிப்பிடும்படி கூடவில்லை. 10 மாதத்தைத் தாண்டியவர்களுக்குக் கூடியது. ஓராண்டைத் தாண்டியவர்களுக்கு இரு மடங்குக்கும் மேல். ஆக, வரிசை நீளமாக இருப்பதை ஓரளவு தாங்கலாம். தவறான வரிசையில் நிற்பதைத்தான் தாங்க முடியாது. 2012 முதல் 2016 வரை நம் நாட்டில் பதிவான 1,15,238 புற்றுநோய்களில் பெருங்குடல் மலக்குடல் புற்று இரண்டாம் இடம். அந்தப் புற்று வந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டது மூன்றாம் நான்காம் கட்டத்தில். மருத்துவமனை தேதி கொடுத்தபிறகு ஓடிய மாதங்கள் மட்டும் இதைச் செய்திருக்க முடியாது.

அந்த மலச் சோதனை இங்கேயும் இருக்கிறது. 2014 முதல் அரசுச் சுகாதாரக் கிளினிக்குகளில் 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு இதைச் செய்கிறார்கள். அரிசி மணி அளவு மலத்தைக் குச்சியால் எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். தமிழ்க் குடும்பங்களில் இதைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். “சீ, அதைப் போய் எடுத்துக் குடுக்கிறதா?” என்கிறார் ஓர் அத்தை. இங்கிலாந்தில் 2023 ஆகஸ்டிலிருந்து, பெருங்குடல் நோய் அறிகுறியோடு வருகிறவர்களை எந்த வரிசைக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய இதே வகைச் சோதனையைக் குடும்ப மருத்துவரிடமே செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நிபுணரின் நேரம் தேவைப்படாதவர்களை அது விலக்கி நிறுத்துகிறது, தேவைப்படுகிறவர்களை முன்னே தள்ளுகிறது.

முன்னே தள்ளும் இன்னொரு கருவி, பரிந்துரைக் கடிதம். நம்மவர்கள் வாயில் சூராட். மருத்துவமனையில் யாருக்கு எந்தத் தேதி என்று பிரிக்கும் மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதில்லை, கடிதத்தைத்தான் பார்க்கிறார். நம் அம்மாவுக்கு இரண்டு விதமாகக் கடிதம் எழுதலாம். ஒன்று: “58 வயதுப் பெண், நாள்பட்ட கேஸ்ட்ரிக், மருந்துக்குக் குணமில்லை, மேற்கொண்டு பார்க்கவும்.” இன்னொன்று: “58 வயதுப் பெண், இரண்டு மாதமாகச் சோறு விழுங்கும்போது நெஞ்சில் நிற்கிறது, தண்ணீர் இறங்குகிறது, எடை 6 கிலோ குறைவு, ஹீமோகுளோபின் 8.9.” ஒரே அம்மா, ஒரே நோய். முதல் கடிதத்துக்குப் பல மாதம் தள்ளி ஒரு தேதி வரும். இரண்டாவது கடிதம் படிப்பவரை நாற்காலியிலிருந்து எழுப்பும். அதை எழுதத் தேவையானவை எடை பார்க்கும் இயந்திரம், ஒரு ரத்தச் சோதனை, “சோறு எங்கேம்மா நிக்குது, கையை வைச்சுக் காட்டுங்க” என்ற ஒரு கேள்வி. கை நெஞ்சுக்குழியில் போய் நின்றால் மொழிபெயர்ப்பே வேண்டாம்.

குடும்பத்தார் செய்யக்கூடியதும் இங்கேதான். எடை எப்போது எவ்வளவு இருந்தது, மலம் என்ன நிறம், என்னென்ன மருந்து எத்தனை நாளாக, வீட்டில் யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது. கூடவே போகும் பிள்ளை அம்மாவின் சொல்லைச் சுருக்காமல் சொல்வது. தேதி கிடைத்தபிறகு நோய் கூடினால், அந்த நாள் வரை பொறுத்திருக்காமல் கிளினிக்குக்குத் திரும்பிப் போய்ப் புதுக் கடிதம் கேட்பது. இதற்கு உரிமை உண்டு. கேட்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் கேட்க வேண்டும்.

நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. உலகில் இவ்வளவு மலிவாக நிபுணர் கிடைக்கும் இடங்கள் குறைவு. அதை நான் மதிக்கிறேன். தனியாரில் ஒரு ஸ்கோப்புக்கு ஆயிரங்களில் ஆகிறது; 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றால், ஒரு மாதச் சம்பளம் ஒரு காலைப் பொழுதில் போய்விடும். ஆனால் 5 வெள்ளிச் சீட்டுக்கு வெளியேயும் செலவு இருக்கிறது. கிளினிக்குக்கு வந்து போனதற்கு எம்சி என்னும் மருத்துவ விடுப்புச் சான்று கிடைக்காது, வந்த நேரம் போன நேரம் குறித்த டைம் சிலிப்தான் கிடைக்கும். நாள்கூலிக்காரருக்கு அந்தச் சிலிப் ஒரு நாள் சம்பளத்தைத் திருப்பித் தராது. துணைக்கு வரும் மகளுக்கும் ஒரு நாள் போகும்.

அம்மாவின் ரத்தம் எங்கே கசிகிறது என்று தேடப் பெருங்குடல் ஸ்கோப்பும் செய்ய வேண்டும் என்றால் சில நாள் முன்பே வேலை தொடங்குகிறது. இரண்டு மூன்று நாளாகக் கீரை, காய்கறி, பழம் விலக்கிக் கஞ்சியும் ரொட்டியும். பிறகு முந்தின இரவு பொடியை லிட்டர் லிட்டராகத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். உப்பும் இனிப்பும் கலந்த, வாயில் வழவழக்கும் தண்ணீர். ஒவ்வொரு கோப்பைக்கும் அம்மா முகம் சுளிக்கிறார், மகள் ஆரஞ்சு மிட்டாய் ஒன்றை நீட்டுகிறாள். குடல் முழுக்கக் கழுவித் தெளிந்த நீராகப் போகும்வரை கழிவறைக்கு நடை. பாதியை இரவிலும் மீதியைச் சோதனைக்கு நான்கைந்து மணி நேரத்துக்கு முன்பும் குடித்தால்தான் குடல் நன்றாகச் சுத்தமாகும் என்பது இன்று உலகெங்கும் ஏற்றுக்கொண்ட முறை. காலை எட்டு மணிக்குச் சோதனை என்றால் மீதியை விடியற்காலை மூன்று மணிக்குக் குடித்தாக வேண்டும். குடித்தபிறகு செரண்டாவில் கொமுட்டர் ரயில் ஏறி, சுங்கை பூலோவில் இறங்கி, கிராப் பிடித்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். அல்லது ரவாங் வரை ஒரு பஸ், அங்கிருந்து செலாயாங்குக்கு இன்னொன்று. பேதி மருந்து குடித்த, அறுபதை ஒட்டிய ஒரு பெண்மணி இந்தப் பயணத்தை எப்படிச் செய்வார்?

அவர் செய்யமாட்டார். மூன்று மணிக் கோப்பைகளைக் கொட்டிவிடுவார். யாரிடமும் சொல்லமாட்டார், சொல்ல முடிகிற விஷயமா அது? மருத்துவர் உள்ளே பார்க்கும்போது குடல் சுத்தமாக இல்லை. அறிக்கையில் “தயாரிப்புப் போதவில்லை, மறுபடி செய்யவும்” என்று பதிகிறது. அம்மா மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போகிறார். ஸ்கோப் அறையின் ஓர் இடமும் வீணாகிறது. அந்த இடத்துக்காகக் காத்திருந்த இன்னொருவரின் தேதியும் தள்ளிப்போகிறது.

இதற்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கு மதியம் இரண்டு மணி இடத்தைக் கொடுத்தால் மீதிக் கோப்பைகளை அவர் காலையில் வீட்டிலேயே குடித்து முடித்துவிட்டு, வயிறு அடங்கியபின் பத்தரை மணிக்குக் கிளம்பலாம். முடியாதவர்களுக்குக் கோல குபு பாரு போன்ற மாவட்ட மருத்துவமனையில் முதல் நாள் இரவு ஒரு கட்டில் தந்து, அங்கேயே குடிக்க வைத்து, காலையில் வண்டியில் அனுப்பலாம். பெரிய மருத்துவமனையும் சுற்றியுள்ள சிறியவையும் கட்டிலையும் நிபுணரையும் பகிர்ந்துகொள்ளும் கூட்டு முறையை அமைச்சு 2014இலேயே சில மாநிலங்களில் தொடங்கிப் பார்த்தது. இது அந்த முறைக்கு ஏற்ற வேலை. தேதி கொடுக்கும் மேசையில் ஒரு தாதி, படிவத்தில் பெயரையும் வயதையும் எழுதியபின், “வீட்டுலயிருந்து இங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்மா? எதுல வருவீங்க?” என்று கேட்டு, “ரெண்டு மணி நேரம், ரயில்” என்ற பதிலை எழுதிக்கொள்ள அந்தத் தாளில் ஒரு கட்டம் இருந்தால் போதும்.